அடியைக் காட்டாத நாற்காலிக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: 1950களின் ஜெர்மன் மேசை நாற்காலி ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. சுழலும். ஒட்டுப்பலகையும் இரும்புக் குழாயும்தான், மெத்தைகூட இல்லை. விலையோ என் ஒரு மாதச் சம்பளம். எளிமைதான் அழகு என்கிறார்கள். எளிமைக்கா இவ்வளவு காசு?

பதில்: எளிமைக்காக என்றால் வாங்காதீர்கள். எளிமையாகத் தெரிய வேண்டும் என்று அந்த மாதிரி நாற்காலிகளைச் செய்யவில்லை. உட்கார்ந்து வேலை பார்க்கத் தேவையில்லாததை எல்லாம் எடுத்துவிட்டார்கள், மிச்சம் நின்றது அப்படி இருக்கிறது. இது புரியாமல் வாங்குகிறவர்கள் அதை ஹாலில் பார்வைக்கு வைத்துவிட்டு, வேலைக்கு வேறு நாற்காலியைத் தேடிப் போகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் ராபர்ட் வாக்னரின் ரோவாக் தொழிற்சாலை 1909இல் ஒரு ஸ்டூல் செய்தது. மடித்த இரும்புத் தகட்டில் கால்கள், ரிவெட் அடித்த மூட்டுகள், பட்டறைத் தொழிலாளி எண்ணெய்க் கையோடு இழுத்துப் போட்டு உட்காருவதற்கு. பௌஹௌஸ் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளி தொடங்கியதே 1919இல்தான். பின்னால் டெஸ்ஸா நகரில் அந்தப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டியபோது பட்டறைகளுக்கு இந்த ஸ்டூலைத்தான் வாங்கிப் போட்டார்கள். வளைத்த குழாய் நாற்காலியால் பேர் வாங்கிய பள்ளி அது! கலைஞன் கையெழுத்தில்லாத ஒரு தொழிற்சாலைச் சாமான் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது எகோன் ஐயர்மான் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த வகையாக இருக்கலாம். பெர்லினில் போரில் சிதைந்த கைசர் வில்ஹெல்ம் தேவாலயத்தின் கோபுரத்தை இடிந்த நிலையிலேயே நிற்கவிட்டு, பக்கத்தில் நீலக் கண்ணாடிச் சுவர்களோடு புதிது கட்டினாரே, அவர்தான். ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரில் உள்ள ஒரு நிறுவனத்துக்காக நாற்காலிகளும் வடிவமைத்தார். அந்த வகை ஒன்றில் நான் அரை நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறேன். இருக்கையின் முன்விளிம்பைத் தடவினால் பலகை கீழ்நோக்கி வளைந்து போவது கைக்குத் தெரியும். அந்த விளிம்பு நேராக வெட்டி நின்றிருந்தால் தொடையின் அடியில் அழுத்தி ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். மெத்தை செய்ய வேண்டிய வேலையை அங்கே வளைவு செய்கிறது. முதுகுப் பலகைக்கும் இருக்கைக்கும் நடுவே விட்ட இடைவெளியும் அப்படித்தான், காற்றும் போகும், இடுப்பும் பின்னால் நன்றாகத் தள்ளி உட்காரும்.

சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். பழைய சுழல் நாற்காலிகள் பலவற்றுக்கு அடியில், நடுத்தண்டிலிருந்து தரையோடு பரவி நிற்கும் கைகள் நான்குதான். கை 30 செ.மீ. நீளம் என்றால், இரண்டு கைகளுக்கு நடுப்பக்கமாகச் சாயும்போது மையத்திலிருந்து 21 செ.மீ. வரைதான் பிடிமானம், அதே நீளத்தில் ஐந்து கைகள் இருந்தால் 24. இந்த 3 செ.மீ. வித்தியாசத்தில் ஆள் கவிழ்ந்துவிடலாம். இன்றைய ஆபீஸ் நாற்காலிகள் ஐந்து கையோடு வருவது இதனால்தான். பின்னால் சாய்ந்து கால் நீட்டுகிற பழக்கம் இருந்தால் நான்கு கை நாற்காலி உங்களுக்கு வேண்டாம்.

விற்பவரிடம் நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டுப்பலகை ஓரத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறதா, குழாயில் வெல்டிங் வெடித்திருக்கிறதா, உயரம் மாற்றும் திருகு சுற்றுகிறதா என்று பாருங்கள். அப்புறம், முடிந்தால் நேரில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உங்கள் வேலையைச் செய்துவிட்டு விலை பேசுங்கள்.