ஃபர்ஸ்ட் குரூப் படிச்சிட்டு ஹிஸ்டரியா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னிக்கு ஆரம்பிச்சது, இன்னும் லெட்டர் வந்துட்டே இருக்கு. முக்கால்வாசி ஒரே கேள்விதான்: ஆர்ட்ஸையும் சயின்ஸையும் சேத்து படிக்கலாமா, படிச்சா வேலை கிடைக்குமா. எஜுகேஷன் லோன், ஹாஸ்டல் பத்தி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த இதழ்ல எழுதறேன்.

அக்கா, என் பொண்ணு பயோ மேத்ஸ், 600க்கு 541. பத்தாவதுல ஸ்கூல் டூர்ல கீழடி மியூசியம் போய்ட்டு வந்ததுல இருந்து தொல்லியல்தான் படிப்பேன்னு நிக்கிறா. கெமிஸ்ட்ரியும் பிடிக்கும்ங்கிறா. அவங்கப்பா "ஹிஸ்டரி படிக்கவா ஃபர்ஸ்ட் குரூப்ல சேத்துவிட்டேன்"னு ரெண்டு வாரமா அவகிட்ட பேசறதில்ல. என்ன பண்றது?
– வாசகி, மணப்பாறை

முதல்ல அவங்கப்பாவ உக்கார வச்சு ஒரு கரித்துண்டு கதை சொல்லுங்க. கீழடில 353 சென்டிமீட்டர் ஆழத்துல கிடைச்ச கரித்துண்டு அது. அந்த மாதிரி சாம்பிள கையால தொடக்கூடாது, நம்ம கை அழுக்கும் எண்ணெயும் அதுல ஏறினா ரிசல்ட்டே தப்பாயிடும்னு இடுக்கியால எடுத்து ஃபாயில்ல சுத்தி, எந்த குழி எந்த ஆழம்னு எழுதி ஒட்டி அனுப்புவாங்க. இது அமெரிக்கால ஃப்ளோரிடால இருக்கிற பீட்டா அனலிட்டிக் லேபுக்கு போச்சு. கி.மு. 580-னு பதில் வந்துச்சு, 2019-ல தமிழ்நாடு தொல்லியல் துறை ரிப்போர்ட்டா போட்டாங்க, அதுக்கப்புறம் நடந்த சண்டை சச்சரவெல்லாம் நீங்களே டிவில பாத்திருப்பீங்க.

அந்த 580 எப்படி வந்துச்சுன்னு உங்க பொண்ணையே கேளுங்க, சொல்லுவா. ப்ளஸ் டூல படிச்ச அரை ஆயுள் கணக்குதான், கரில இருக்கிற கார்பன்-14ங்கிற கதிரியக்க கார்பன் பாதியாக 5730 வருஷம் ஆகும், அப்ப 2600 வருஷம் ஆன கரில கிட்டத்தட்ட 73 சதவீதம் மிச்சம் இருக்கும், மத்த திருத்தமெல்லாம் அதுக்கு மேலதான். இது கெமிஸ்ட்ரியா ஹிஸ்டரியா? அதே குழில கிடைச்ச பானை ஓட்டுல கீறியிருக்கிற எழுத்த படிக்கிறதுக்கு தமிழி, அதான் தமிழோட பழைய எழுத்து, தெரிஞ்ச ஆள் வேணும். மிருக எலும்பு எது மாடு எது ஆடுன்னு பிரிக்க இன்னொருத்தர். பக்கத்துல கொந்தகைல கிடைச்ச மனுஷ எலும்புக்கு டிஎன்ஏ ஆளுங்க. 2025 ஜனவரில, தமிழ்நாட்டுல இரும்பு எவ்வளவு பழசுன்னு வந்த அறிக்கைல கார்பன் மட்டும் இல்ல, மண்ணுல இருக்கிற மணல் துகள் கடைசியா எப்ப வெயில் பாத்துச்சுன்னு அளக்கிற ஓஎஸ்எல்னு ஒரு முறையும் யூஸ் பண்ணாங்க, அகமதாபாத் ஃபிசிக்ஸ் லேப் வரைக்கும் சாம்பிள் போச்சு. அதனால ஃபர்ஸ்ட் குரூப் எங்கயும் வீணாகல.

இப்ப என்ன பண்ணலாம்னா, பிஎஸ்சி கெமிஸ்ட்ரி சேத்து விடுங்க. மூணு வருஷம் முடிச்சிட்டு எம்ஏ தொல்லியலுக்கு போகட்டும். பூனா டெக்கான் காலேஜ்ல எந்த டிகிரி முடிச்சவங்களும் எம்ஏ ஆர்க்கியாலஜி சேரலாம், நம்ம சென்னை யுனிவர்சிட்டிலயும் பண்டைய வரலாறு தொல்லியல் துறை இருக்கு. அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை, காலேஜ்ல மூணு வருஷமும் ஹிஸ்டரி புக்க மூடி வச்சிடக் கூடாது, லீவுல எங்கயாவது அகழாய்வு நடந்தா போய் நின்னு பாக்கணும், மே மாச வெயில்ல குழில உக்காந்து பிரஷ்ஷால மண் தள்றது மியூசியத்துல ஏசில பாக்கிற மாதிரி இருக்காது. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா அது நிஜமான ஆசை. அவங்கப்பாகிட்ட இப்போதைக்கு "கெமிஸ்ட்ரிதாங்க படிக்கிறா"ன்னு சொல்லுங்க, பொய்யும் இல்ல.

எங்க காலேஜ் போர்டுல "அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரி"னு இருக்கு. கலையும் அறிவியலும் எங்க சேருது?
– மாணவன், சாத்தூர்

கேன்டீன்ல.

சரி சரி, கொஞ்சம் நியாயமா சொல்றேன். அலைடு பேப்பர்னு ஒண்ணு இருக்கே, பிஏ எக்கனாமிக்ஸ் பசங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிறது அதுல வர்றதுதான். அப்புறம் நான்-மேஜர் எலெக்டிவ், வேற டிபார்ட்மென்ட் போய் படிக்கணும்னு வச்சது. ஐடியா அருமை. ஆனா நான் லேப் கோட் போட்டு இருபத்தெட்டு வருஷம் நின்ன காலேஜ்ல அது எப்படி நடந்துச்சுன்னா, டைம்டேபிள் போடற சார் எந்த கிளாஸ் ரூம் காலியா இருக்கோ அந்த பேப்பர எல்லாருக்கும் எழுதிடுவார், எங்க கெமிஸ்ட்ரி பசங்க மூணு பேட்ச் வரிசையா ஒரே பேப்பர் படிச்சாங்க, ஏன்னா அந்த ரூம் லேப்க்கு பக்கம். நீ உனக்கு வேணுங்கிறத வாய திறந்து கேளு தம்பி. ரூல்ல இடம் இருக்கு.

மகன் ஃபிசிக்ஸும் ஃபிலாசஃபியும் சேத்து படிக்கணுமாம். லிபரல் ஆர்ட்ஸ் யுனிவர்சிட்டி பிரவுச்சர் நாலஞ்சு டேபிள் மேல கிடக்கு. நாலு வருஷ டிகிரிங்கிறாங்க, ஃபீஸ் பாத்தா தலை சுத்துது. நான் சின்னதா பவர்லூம் வச்சிருக்கேன். நம்பி அனுப்பலாமா?
– வாசகர், சோமனூர்

ஃபீஸ் விஷயத்துல மழுப்ப விரும்பல, ஹாஸ்டலோட சேத்தா பெரிய பிரைவேட் இடங்கள்ல வருஷத்துக்கே பல லட்சம். ஆனா சோனிபட்ல இருக்கிற அசோகா, பெங்களூர் அசிம் பிரேம்ஜி மாதிரி இடங்கள்ல குடும்ப வருமானத்த பாத்து ஃபீஸ குறைக்கிற ஸ்காலர்ஷிப் இருக்கு, அத கேக்க வெக்கப்படாதீங்க. நம்ம பார்டர் தாண்டினதும் ஸ்ரீசிட்டில க்ரியா இருக்கு, அங்க கலை அறிவியல் ஸ்கூலுக்கு பேரே ரெண்டும் பின்னிப் பிணைஞ்சதுன்னுதான் வச்சிருக்காங்க, தறி ஓட்டற உங்களுக்கு அந்த வார்த்தை பிடிக்கும்.

நாலு வருஷ கணக்கு 2020 தேசிய கல்விக் கொள்கைல வந்தது. ஒரு வருஷத்துல நின்னா சர்டிஃபிகேட், ரெண்டுக்கு டிப்ளமோ, மூணுக்கு டிகிரி, நாலுக்கு ஆனர்ஸ். நாலு வருஷ டிகிரில மொத்தமா 75 பர்சன்ட் எடுத்தா எம்ஏ எம்எஸ்சி இல்லாமலே நேரா பிஎச்டிக்கு அப்ளை பண்ணலாம்னு யுஜிசி சொல்லிடுச்சு. நம்ம ஸ்டேட் அரசு காலேஜ்ல பழையபடி மூணு வருஷம்தான்.

உங்க மகன்கிட்ட நான் கேக்கிறது வேற. கல்யாண வீட்டு பஃபேல சிலர் தட்ட பாத்திருக்கீங்களா, புளியோதரை மேல குலாப் ஜாமூன், அது மேல ரசம். எல்லாமே நல்ல ஐட்டம்தான், சேத்தா சாப்பிட முடியாது. செமஸ்டருக்கு ரெண்டு ஃபிசிக்ஸ், ரெண்டு ஃபிலாசஃபி, ஒரு ஃபிலிம் ஸ்டடீஸ்னு எடுத்துட்டு நாலு வருஷம் கழிச்சு ஒண்ணும் ஆழமா தெரியாம வெளிய வந்த பசங்கள நான் இன்டர்வியூல பாத்திருக்கேன், பேச்சு நல்லா பேசுவாங்க, ஒரு கணக்கு குடுத்தா முழிப்பாங்க. அதனால அவன் மேஜர் ஃபிசிக்ஸா இருக்கட்டும், மேத்ஸ் பேப்பர் எதையும் தட்டிக் கழிக்கக் கூடாது, ஃபிலாசஃபி மைனர். கடைசி வருஷ ப்ராஜெக்ட் ரெண்டையும் தொடற ஒரு கேள்வியா இருக்கணும், காலம்னா என்ன, அளக்கிறதுன்னா என்னங்கிற மாதிரி. அந்த ப்ராஜெக்ட்டுக்கு கைட் யாரு, போன வருஷ பசங்க என்ன தலைப்பு எடுத்தாங்கன்னு அட்மிஷன் ஆபீஸ்ல கேளுங்க. பதில் சொல்லத் திணறினா பிரவுச்சர மடிச்சு வச்சிடுங்க.

இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க. டிகிரி சர்டிஃபிகேட்ல என்ன பேர் அச்சாகும்? யுபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி குரூப் ஒன்னுக்கெல்லாம் ஏதாவது ஒரு டிகிரி போதும், பிரச்சனை இல்ல. ஆனா நாளைக்கு பிஎட் முடிச்சு டிஆர்பி எழுதி கவர்மென்ட் ஸ்கூல் வாத்தியார் ஆகணும்னா எந்த மேஜர்னு பாப்பாங்க, பேர் புதுசா இருந்தா அது இன்ன டிகிரிக்கு சமம்னு ஈக்குவலன்ஸ் ஜி.ஓ., அதாவது அரசாணை, இருக்கணும். இது இல்லாம எத்தனை பேர் அலையறாங்க தெரியுமா. சேர்றதுக்கு முன்னாடியே பாத்துக்குங்க.

அக்கா, நாங்கள் ஸ்கார்பரோவில இருக்கிறம். மகளுக்கு மெக்மாஸ்டரில ஆர்ட்ஸ் அன்ட் சயன்ஸ் புரோகிராம் கிடைச்சிருக்கு. எங்கட ஆக்கள் "ஏன், ஹெல்த் சயன்ஸ் கிடைக்கேல்லையோ" எண்டு துக்கம் விசாரிக்கிற மாதிரி கேக்கினம். இது இரண்டாந்தரமே?
– வாசகி, கனடா

இரண்டாந்தரமா! 1981-ல இருந்து நடக்கிற ப்ரோக்ராம் அது, வருஷத்துக்கு அறுபது எழுபது பேரத்தான் எடுப்பாங்க, மார்க் மட்டும் போதாது, தனியா எழுதிக் குடுக்கவும் வேணும். உள்ள போனா கால்குலஸ் எல்லாருக்கும் உண்டு, கவிதை பிடிச்சவங்களுக்கும் உண்டு, எழுத்தும் வாதமும் எல்லாருக்கும் உண்டு, கணக்குல புலியா இருக்கிறவங்களுக்கும் சேத்துத்தான். அங்கிருந்து மெடிசினுக்கு போறாங்க, லாவுக்கு போறாங்க. கேக்கிற ஆக்களுக்கு இத சொல்லிப் பாருங்க. சொன்னாலும் கேக்கத்தான் போறாங்க, அடுத்த கேள்வி "மெடிசின் எப்ப?"

சிங்கப்பூர்ல யேல்-என்யுஎஸ் லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ மூடிட்டாங்களே, அப்ப இந்த மாடலே ஃபெயில்தானே?
– வாசகர், உட்லண்ட்ஸ்

2011-ல ஆரம்பிச்சு 2013-ல முதல் பேட்ச் எடுத்த காலேஜ், 2021 ஆகஸ்ட்ல மூடறோம்னாங்க, 2025-ல கடைசி பேட்ச் வெளிய வந்தாச்சு. படிச்சிட்டு இருந்த பசங்களுக்கு அது பெரிய அடி, அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா இன்னொரு ஸ்காலர்ஸ் ப்ரோக்ராமோட சேத்து 2022-ல என்யுஎஸ் காலேஜ்னு அவங்களே தொடங்கிட்டாங்க. பாடத்திட்டம் ஃபெயில் ஆனா அதே ஆளுங்க அதே ஊர்ல இன்னொண்ணு ஏன் தொடங்கணும்? சின்ன காலேஜ், ஒரு வாத்தியாருக்கு கொஞ்ச பசங்கன்னா செலவு தாறுமாறா ஏறும். இந்த மாதிரி இடம் எங்க இருந்தாலும் பணம் யார் போடறாங்கன்னு பாருங்க.

பிஏ தமிழ் செகண்ட் இயர். கோடிங் பிடிச்சிருக்கு, யூட்யூப் பாத்து பைத்தான் கொஞ்சம் தெரியும். ட்ராக் மாத்த லேட் ஆயிடுச்சா மேடம்?
– மாணவி, திருவாரூர்

ட்ராக்க ஏம்மா மாத்தற, இன்னொண்ணு கூட போடு. ஐஐடி மெட்ராஸ் டேட்டா சயின்ஸ் பிஎஸ் ஆன்லைன்ல இருக்கு, ஜேஇஇ வேண்டாம், பத்தாவதுல மேத்ஸும் இங்கிலீஷும் படிச்சிருந்து ப்ளஸ் டூ முடிச்சிருந்தா போதும், எந்த குரூப்பா இருந்தாலும் சரி. முதல்ல நாலு வாரம் பாடம் நடத்தி டெஸ்ட் வைப்பாங்க, பாஸ் ஆனா உள்ள. வருமானம் கம்மியா இருக்கிற வீட்டுக்கு ஃபீஸ் சலுகை உண்டு. ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாம்னு யுஜிசி 2022-லயே அனுமதிச்சாச்சு. ஆனா வாரா வாரம் அசைன்மென்ட் இருக்கு, பரீட்சைய நேர்ல போய் எழுதணும், ஜாலியா ஒரு சைடு கோர்ஸ்னு நினைச்சு சேந்துடாத.

நீ பின்தங்கி இருக்கேன்னு நினைக்கிற பாத்தியா, அதான் தப்பு. ஒரு கம்ப்யூட்டர்ல "மரம்"னு தேடினா "மரத்தை"னு எழுதியிருக்கிற வரி வராது, ஏன்னா அதுக்கு ரெண்டும் வேற வேற எழுத்துக் கோர்வை. மகர மெய் கெட்டு, அத்துச் சாரியை வந்து, அப்புறம் ஐ உருபு சேந்துச்சுன்னு உனக்குத் தெரியும். "பற்பொடி"ல பல் இருக்குன்னு உனக்குத் தெரியும். இத கோடா எழுதறதுக்கு புணர்ச்சி இலக்கணம் தெரிஞ்ச ஆள் வேணும், கோட் எழுதத் தெரிஞ்சு இலக்கணம் தெரியாதவங்கதான் ஊர் பூரா இருக்காங்க. இன்னிக்கே ஒண்ணு செஞ்சு பாரு. நூறு பெயர்ச்சொல்லுக்கு எட்டு வேற்றுமையும் போட்டுத் தர்ற ஒரு சின்ன ப்ரோக்ராம். "ஆறு" எங்க "ஆற்றை" ஆகும்னு எழுதும்போது நன்னூல் திரும்ப எடுப்ப பாரு, பரீட்சைக்கு படிச்சப்ப கூட அப்படி படிச்சிருக்க மாட்ட.

இன்னொரு விளையாட்டும் சொல்றேன். குறில் ஒரு மாத்திரை, நெடில் ரெண்டு. நாலு மாத்திரைய எத்தனை விதமா நிரப்பலாம்? நாலும் குறில், ரெண்டும் நெடில், அப்புறம் ஒரு நெடில் ரெண்டு குறில் இடம் மாத்தி மாத்தி மூணு, மொத்தம் அஞ்சு. அஞ்சு மாத்திரைக்கு எட்டு வரும். ஆறுக்கு பதிமூணு. முந்தின ரெண்டையும் கூட்டினா அடுத்தது வர்ற இந்த வரிசைய ஃபிபோனாச்சி பேர்ல படிக்கிறோம், அவருக்கு முன்னாடியே சமஸ்கிருத யாப்பு எழுதினவங்க, 12-ஆம் நூற்றாண்டு ஹேமசந்திரர் மாதிரி ஆளுங்க, பாட்டோட சந்தத்த எண்ணி எண்ணியே இங்க வந்துட்டாங்க.

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்." ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். இதற்கு மேல் நான் ஒன்றும் எழுத வேண்டியதில்லை.
– வாசகர், நாகர்கோவில்

ஐயா, வணக்கம். பழமொழி சரிதான், மேல சோமனூர்காரருக்கு நானும் கிட்டத்தட்ட அதத்தான் சொல்லியிருக்கேன். ஆனா டி.டி. கோசாம்பின்னு ஒரு மனுஷன் இருந்தார். பூனா ஃபெர்குசன் காலேஜ்ல கணக்கு வாத்தியார், அப்புறம் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையம். அவர் பழைய முத்திரைக் காசுகள தராசுல வச்சு ஒவ்வொண்ணா எடை போட்டார். காசு கை மாற மாற தேயும், அப்ப அப்ப சராஃப்னு சொல்ற காசு மாத்தற கடைக்காரங்க பின்பக்கம் ஒரு சின்ன முத்திரை குத்துவாங்க. பின்பக்க முத்திரை கூடக் கூட சராசரி எடை குறையுதுன்னு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டு காட்டினார், அத வச்சு எந்த காசு முந்தி எது பிந்தின்னு வரிசை வந்துச்சு. ஹிஸ்டரி மட்டும் படிச்சவருக்கு காச தராசுல வைக்கத் தோணியிருக்காது. கணக்க ஒழுங்கா படிச்சதாலதான் அந்த தராச நம்ப முடிஞ்சது. நீங்க சொன்ன தச்சன் மரத்த பாத்துட்டே போனவன், இவர் ஒண்ண வெட்டிப் பழகிட்டு அடுத்ததுக்கு போனவர். திட்டி இன்னொரு லெட்டர் போடுங்க, காத்திருக்கேன்.

தங்கச்சி லண்டன்ல ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் படிச்சு முடிச்சிட்டா. ஆவணில கல்யாணம். பத்திரிகைல பேருக்குப் பின்னாடி பி.ஏ. போடறதா பி.எஸ்சி. போடறதா?
– வாசகர், காரைக்குடி

யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனா? 2012-ல இருந்து அங்க குடுக்கிறது பி.ஏ.எஸ்சி., அப்படியே போடுங்க. ஆனா ப்ரூஃப நீங்களே நேர்ல போய் பாருங்க, பிரஸ்காரர் இது அச்சுப்பிழைன்னு நினைச்சு நடுவுல ஒரு கமாவ தட்டி பி.ஏ., பி.எஸ்சி.ன்னு ரெண்டு டிகிரியா ஆக்கிடுவார், மாப்பிள்ள வீட்டுல ஒரு டிகிரிதானே சொன்னீங்கன்னு ஆரம்பிப்பாங்க.