இருபது பக்கம் தாண்டவில்லையா?

கல்லூரி நாட்களில் ஒரே ராத்திரியில் நாவலை முடித்துவிடுவேன். இப்போது 46 வயது. இருபது பக்கம் தாண்டுவதற்குள் கை செல்போனைத் தேடுகிறது. பழையபடி படிக்க முடியுமா, சார்?
- வாசகி, தஞ்சாவூர்

முடியும் அம்மா. ஆனால் அந்த ஒரே ராத்திரிக் கணக்கை விட்டுவிடுங்கள். வீட்டுப் பொறுப்பு எதுவும் இல்லாத வயதின் வேகம் அது.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்தது. அதைத் தொடர்ந்து படித்தவர்களில் எத்தனையோ பேர் வேலைக்குப் போனவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். வாரத்துக்குச் சில பக்கம்தான். மீதி நாளெல்லாம் அதைப் பற்றிய பேச்சு. அதே கதை ஐந்து பாகமாக அலமாரியில் நிற்பதைப் பார்த்தால் இன்று நமக்கு மலைப்பு வருகிறது.

என் அம்மா ஒரு தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது. சில அத்தியாயங்களின் பின்பக்கத்தில் பாதித் துணுக்கு, தலைமுடித் தைல விளம்பரம். ஓரத்தில் பென்சிலால் துவரம்பருப்பு, நல்லெண்ணெய் என்று மளிகைக் கணக்கு. அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்தில் படித்த புத்தகம் அது. நீங்களும் அப்படியே படியுங்கள், நாளுக்கு ஓர் அத்தியாயம்.

முதலில் நாவல் வேண்டாம். சிறுகதைத் தொகுப்பு எடுங்கள். பிடிக்காத கதையைத் தயங்காமல் தாண்டிப் போங்கள். விலைக்கு வாங்கவும் வேண்டாம். நான் பெரும்பாலும் கிளை நூலகத்தில் எடுத்துத்தான் படிக்கிறேன். திருப்பித் தர வேண்டிய தேதி பின்னட்டையில் முத்திரையாக இருக்கும்போது, புத்தகத்தை மேஜையில் போட்டுவிட்டு மறக்க முடிவதில்லை. அன்றைய சென்னை மாகாணம் 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. இன்றும் சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறோம். உறுப்பினராகாமல் இருப்பது நமக்குத்தான் நஷ்டம்.

கண் புரை ஆபரேஷனுக்குப் பிறகு அச்சுப் புத்தகத்தின் சின்ன எழுத்து சிரமமாக இருக்கிறது. போனில் படிப்பதும் படிப்புதானா?
- வாசகர், கோவில்பட்டி

சந்தேகமே வேண்டாம், படிப்புதான். எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாமே! மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணைய நூலகத்தின் தன்னார்வலர்கள் 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறார்கள். வேண்டியதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, படிக்க உட்காரும்போது நெட்டை அணைத்துவிடுங்கள். கண் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.