பாதி வருஷம் போய்விட்டது, மனவலிமை முகாமுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): திருமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 34. ஜனவரியில் மூன்று காரியம் முடிவு செய்தேன். குழுக் கடன் மீதி 42,000 ரூபாயை வருஷத்துக்குள் அடைப்பது, குரூப் 4 தேர்வுக்குப் படிப்பது, பத்து கிலோ எடை குறைப்பது. மார்ச்சில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி, வீடு, கடை என்று அலைந்ததில் மூன்றும் போச்சு. இப்போது மதியமானால் மிஷினிலேயே கண் சொருகுகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எதிலும் பிடிப்பில்லை. மதுரையில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் மனவலிமை முகாம், கட்டணம் 18,000. சேர்ந்தால் மீதி வருஷத்தைப் பிடித்துவிடலாம் என்கிறார்கள். முன்பணம் 2,000 கட்டிவிட்டேன். மீதியைக் கட்டலாமா மேடம்? எனக்கு மன உறுதி இல்லையா?

பதில்: மீதியைக் கட்டாதீர்கள், சகோதரி.

உங்கள் தவணை மாதம் 2,800 என்று எழுதியிருக்கிறீர்கள். முகாமுக்குக் கேட்கும் பணம் ஆறு தவணைக்கும் மேல். கடனை அடைக்க மன உறுதி வேண்டும் என்று, அந்தக் கடன் பணத்தையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறார்கள்.

இந்த முகாம்களுக்குப் போய்விட்டு என்னிடம் வருபவர்களைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். எல்லோரும் சொல்லும் கதை ஒன்றுதான். முதலில் இலவசமாக இரண்டு மணி நேரக் கூட்டம். பாட்டுப் போடுவார்கள், கண்ணை மூடி அம்மாவை நினைக்கச் சொல்வார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடித்து அழச் சொல்வார்கள். மனம் இளகியிருக்கும் அந்த நேரத்தில் 'இன்றைக்குச் சேர்ந்தால் மட்டும் இந்தக் கட்டணம்' என்று போனை நீட்டச் சொல்வார்கள். இரண்டு நாள் முடிந்ததும் அடுத்த நிலை, அதற்கு இன்னும் பெரிய தொகை. அதற்கும் அடுத்தது நீங்களே பயிற்சியாளர் ஆவது, அதாவது உங்கள் தெருவில் இருந்து பத்துப் பேரைப் பிடித்துக் கொடுப்பது. முகாம் முடிந்த வாரம் உற்சாகமாகத்தான் இருக்கும். வீட்டில் மாமியாருக்குக் கஞ்சி வைக்கும் வேலையும் தைக்க வேண்டிய துணியும் அப்படியேதான் இருக்கும். உற்சாகம் வடிந்ததும் 'அவர்கள் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், என்னிடம்தான் குறை' என்று நம்மையே நொந்துகொள்ள ஆரம்பிப்போம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

'லைஃப் கோச்' என்று போர்டு மாட்ட நம் நாட்டில் எந்தப் பதிவும் தேவையில்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு எண் இருக்க வேண்டும், மனநல மருத்துவர் என்றால் மருத்துவ மன்றத்தில் பதிவு இருக்க வேண்டும். பணம் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு பல்லைப் பிடுங்கப் படிப்பும் பதிவும் கேட்கிற நாட்டில், மனதில் கை வைப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. இதைப் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மதியம் கண் சொருகுகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இலக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. அப்போது உடம்பு சோர்வதும் மூச்சு வாங்குவதும் வேலையில் மனம் நிற்காமல் போவதும் இயல்பு. தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும், கூடவே எடையும் ஏறும். எத்தனையோ பெண்கள் 'எனக்குச் சோம்பேறித்தனம்' என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பரிசோதித்தால் ரத்தம் இல்லை. ரத்தமே இல்லாத உடம்பிடம் மன உறுதி கேட்டு என்ன பயன்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் இலவசமாகப் பார்ப்பார்கள், தைராய்டுக்கு அரசு மருத்துவமனைக்குப் போகலாம். இந்த வாரமே போங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது. கடையில் உட்கார்ந்தபடி நாளைக்கு நாலு டீ குடிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

எதிலும் பிடிப்பில்லை என்பதையும் நான் லேசாக விடமாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேலாக அநேகமாக நாள் முழுக்க மனம் கனத்துக் கிடக்கிறதா? பிடித்த விஷயமும் பிடிக்கவில்லையா? தூக்கமும் பசியும் மாறிவிட்டதா? செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறதா? கடைசிக் கேள்விக்கு மட்டும் ஆம் என்றாலும் இலக்கையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு உடனே 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். மற்றவற்றுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் வட்டார அரசு மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மருத்துவர் வருவார். எந்த நாள் என்பதை மட்டும் பல இடங்களில் நாமேதான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்க என்ன செலவாகும்?

இனி இலக்குகள். நீங்கள் முடிவெடுத்தது ஜனவரியில். உங்கள் தொழிலில் அது பொங்கல் துணியும் தை முகூர்த்த பிளவுஸும் குவிந்து கிடக்கும் நேரம். மே, ஜூனில் பள்ளிச் சீருடை. ஆவணியில் மறுபடி கல்யாணம், அப்புறம் தீபாவளி. இதில் ஒன்றைக்கூடக் கணக்கில் எடுக்காமல் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே திட்டம் போட்டிருக்கிறீர்கள். மாமியார் விழாமல் இருந்திருந்தாலும் அது மே மாதத்தைத் தாண்டியிருக்காது. இந்த ஆடியில் உங்களுக்கு முகூர்த்தத் தையல் இல்லை. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள்தான். உங்கள் கடைக்கு யோசிக்க நேரம் கிடைப்பதே இந்த மாதத்தில்தான், அதனால் இப்போதே உட்காருங்கள்.

பத்து கிலோவை இந்த வருஷத்துக்கு விட்டுவிடுங்கள். எட்டாத இலக்கைத் தெரிந்தே கைவிட்டு, எட்டுகிற ஒன்றைப் பிடித்துக்கொள்பவர்கள் மனதளவில் நன்றாக இருக்கிறார்கள் என்று உளவியல் ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். கைவிட்டதாக ஒரு தாளில் எழுதித் தேதி போடுங்கள், இல்லையென்றால் அது தினமும் குத்திக்கொண்டே இருக்கும்.

தேர்வைச் சின்னதாக்குங்கள். குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதிக்கு 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் தைப் பொங்கல் வரை தமிழ் மட்டும், பள்ளிப் புத்தகங்களில் இருந்து. எப்போது படிப்பது? 'நேரம் கிடைக்கும்போது' என்றால் கிடைக்காது. 'கடை ஷட்டரைத் தூக்கியதும், முதல் துணியைத் தொடுவதற்கு முன் நாலு பக்கம்' என்று ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். இப்படி இடமும் நேரமும் சொல்லித் தீர்மானித்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நிறையச் சோதனைகளில் காட்டியிருக்கிறார். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று முகாம்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். லண்டனில் செய்து 2010-இல் வெளியான ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18-இல் இருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பும் இல்லை. 22-ஆம் நாள் தவறியதும் 'நான் லாயக்கில்லை' என்று நிறுத்திவிடுகிறார்களே, அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

தேர்வு என்றதும் இன்னொரு கூட்டமும் தேடி வரும். 'மேலிடத்தில் ஆள் இருக்கிறது, மூன்று லட்சம் கொடுத்தால் வேலை உறுதி' என்பார்கள். குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வின் மதிப்பெண்தான். ஆள் சொல்லி வாங்கித் தர அதில் இடமில்லை. தேர்வு எழுதியவர்களை முடிவுக்காக மாதக்கணக்கில் காக்க வைப்பதால்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கடன்தான் இந்த வருஷத்தின் ஒரே பெரிய இலக்கு. முழுதாக அடைபடாது. மாதத் தவணையைத் தவறாமல் கட்டுங்கள், தீபாவளித் தையல் பணத்தில் இருந்து இரண்டு தவணை கூடுதலாகக் கட்டுங்கள், போதும். தவணை தவறினால் குழுவில் இருக்கும் மற்ற பெண்கள் தலையில் விழும் என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

மன உறுதி இல்லையா என்று கேட்டீர்கள். மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் ஜூன் சீருடையை ஒருவருக்கும் தாமதம் பண்ணாமல் கொடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஹவாய்த் தீவு ஒன்றில் 1955-இல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மிகக் கஷ்டமான சூழலில் வளர்ந்தும் நன்றாக வந்தவர்களுக்கு, தாங்கிப் பிடிக்க ஒரு ஆளாவது பக்கத்தில் இருந்திருக்கிறார். உங்களுக்கு அந்த ஆள் யார்? நாத்தனார் சமயநல்லூரில்தானே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவை வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், அது அவர் அம்மா. அந்த ஞாயிற்றுக்கிழமையில் கடையைத் திறக்காதீர்கள், தூங்குங்கள்.

கட்டிய 2,000 ரூபாயை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். பணம் வராமலே போனாலும், போன இரண்டாயிரத்துக்காக மீதி பதினாறாயிரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம்.