அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டினால் ஐந்தில் இரண்டா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். 1/2 + 1/3 = 2/5 என்றே எழுதுகிறாள். மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிக்கும் முறையைப் பலமுறை சொல்லிக்கொடுத்தும் மறுநாள் மறந்துவிடுகிறாள். செய்முறையாகக் கற்றுத்தர வழி உண்டா?

பதில்: உண்டு. முறையைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். உங்கள் மகள் மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டுகிறாள். பின்னம் அவளுக்கு இன்னும் ஓர் அளவாகத் தெரியவில்லை, இரண்டு தனித்தனி எண்களாகத்தான் தெரிகிறது. அதனால்தான் முறை மனதில் நிற்பதில்லை.

12 செ.மீ. நீளத்தில் நான்கு காகிதப் பட்டைகள் வெட்டுங்கள். (கேக், பீட்சா படம் வேண்டாம். வட்டத்தைச் சமமாக மூன்றாக்குவது பெரியவர்களுக்கே கஷ்டம்.) ஒன்று முழுதாக இருக்கட்டும். இரண்டாவதைப் பாதியாக மடித்து வெட்டட்டும். மூன்றாவதை ஸ்கேலில் 4, 8 குறித்து மூன்றாக்கட்டும். நான்காவதையும் அப்படியே மூன்றாக்கி, ஒவ்வொரு துண்டையும் பாதியாக்கினால் ஆறு துண்டு. வெட்டுவது அவளாகவே இருக்கவேண்டும், இது முக்கியம்.

இப்போது அரைத் துண்டையும் மூன்றில் ஒன்றையும் ஒட்டினாற்போல் முழுப் பட்டையின் மேல் வைக்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட முழுசும் மூடிவிடும். அப்புறம் 2/5 எவ்வளவு என்று கேளுங்கள். 4.8 செ.மீ. தான், அரைத் துண்டே 6 செ.மீ. அரையோடு இன்னொன்றைச் சேர்த்தபின் அரையைவிடக் குறையுமா? இதற்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவள் யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் பாடமே நடக்கிறது.

அடுத்து, இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்கும் துண்டு எது என்று தேடட்டும். ஆறில் ஒன்று பொருந்தும்: அரைக்கு மூன்று, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு, ஆக 5/6. பொதுப் பகுதி என்று புத்தகம் சொல்வது இந்தத் துண்டைத்தான்.

பெருக்கலுக்கு நம் பழைய சொற்களே உதவும். கால் பட்டையை (1/4) பாதியாக மடித்தால் அரைக்கால், அதாவது 1/2 × 1/4 = 1/8. அதையும் மடித்தால் மாகாணி, 1/16. மடிக்க மடிக்கப் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், குழந்தைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

இரண்டு மூன்று நாள் கழித்து 1/3 + 1/4 கொடுங்கள். ஆறில் ஒரு துண்டு இதற்குப் பொருந்தாது. கொஞ்சம் திணறட்டும், ஸ்கேலை மட்டும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். 4 செ.மீ., 3 செ.மீ., பட்டை மொத்தம் 12 செ.மீ. என்று அவளே பார்த்துக்கொள்வாள்.