ஆயிரம் ஆண்டு வரலாறும் மூன்று மணி நேர ஆட்டமும்

கேள்வி: நண்பர்கள் ஐவருக்காக நான் ஒரு ஃபேண்டஸி ரோல்பிளேயிங் ஆட்டத்தை, அதாவது மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் கதையை நகர்த்தும் ஆட்டத்தை, நடத்தி வருகிறேன். அதற்கென்று ஓர் உலகத்தையே எழுதியிருக்கிறேன். ஏழு அரச மரபுகள், ஆயிரம் ஆண்டு வரலாறு, தெய்வங்கள், தனி நாட்காட்டி என்று நாற்பது பக்கங்கள் ஆகிவிட்டன. படித்துவிட்டு வரும்படி எல்லோருக்கும் அனுப்பினேன். ஒருவர் மட்டுமே படித்தார். ஆட்டத்தின் தொடக்கத்தில் நானே விளக்கத் தொடங்கினால், "சண்டை எப்போது வரும்?" என்று கேட்கிறார்கள். இவ்வளவையும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா? இன்னொன்று: பூசாரிப் பாத்திரத்தை ஏற்றிருப்பவர், தம் தெய்வத்துக்குத் தங்கை ஒருத்தி உண்டு என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். நான் எழுதிய வரலாற்றில் அப்படி ஒரு தெய்வமே இல்லை. மறுத்துவிடலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

எதையும் தூக்கிப் போட வேண்டாம். நீங்கள் எழுதிய நாற்பது பக்கங்களும் பயனுள்ளவைதான். ஆனால் அவற்றின் முதல் பயன் உங்களுக்கு உரியது. நீங்கள் எதிர்பாராத திசையில் உங்கள் நண்பர்கள் திரும்பி, அதுவரை பெயர்கூடச் சொல்லப்படாத ஓர் ஊருக்குள் நுழையும்போது, அங்கே வரி வசூலிப்பவர் யார், மக்கள் எந்தத் தெய்வத்தின் பெயரால் சத்தியம் செய்வார்கள், அந்நியரைக் கண்டால் கதவைத் திறப்பார்களா மூடுவார்களா என்பதையெல்லாம் தயங்காமல் சொல்ல உங்களால் முடியும். அப்படிச் சொல்ல முடிகிற கேம் மாஸ்டரின், அதாவது உங்களைப் போல் ஆட்டத்தை நடத்துபவரின், உலகம் மெய்யான உலகமாகத் தோன்றும். சிக்கல் வரலாற்றின் அளவில் இல்லை. அது மேசைக்கு வந்து சேரும் நேரத்திலும் வழியிலும்தான் இருக்கிறது.

தனியாக ஆடும் கணினி விளையாட்டுகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. 2011-இல் வெளிவந்த டார்க் சோல்ஸ் தன் உலகத்தின் பழங்கதையில் பெரும்பகுதியை வாள், மோதிரம், கவசம் ஆகியவற்றின் குறிப்புகளுக்குள் வைத்திருக்கிறது. விரும்புபவர் நின்று படிப்பார், விரும்பாதவர் வாளை எடுத்துக்கொண்டு நடப்பார், இருவராலும் மற்றவருக்குத் தொல்லை இல்லை. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும்போதோ நேரம் எல்லோருக்கும் பொதுவானது. நீங்கள் இருபது நிமிடம் வரலாறு சொன்னால், அந்த இருபது நிமிடமும் ஐந்து பேர் எதையும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். "சண்டை எப்போது வரும்?" என்ற கேள்விக்கு, "நாங்கள் ஏதாவது செய்யத் தொடங்குவது எப்போது?" என்பதே பெரும்பாலும் உண்மையான பொருள். அதை உங்கள் உலகத்தின் மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே ஒவ்வொரு தகவலையும் மேசைக்குக் கொண்டுவருவதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இது தெரிந்தால் இவர்களில் யாராவது இன்று வேறு ஒரு முடிவை எடுப்பார்களா? எடுப்பார்கள் என்றால் அந்தத் தகவல் இன்றைய ஆட்டத்துக்கு உரியது. இல்லையென்றால் அது உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கட்டும். அதற்கான நாள் பின்னால் வரக்கூடும்.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். உங்கள் நான்காம் அரச மரபின் கடைசி மன்னன், சமாதானம் பேசச் சென்ற இடத்தில், ஒரு பாலத்தின் நடுவே கொல்லப்பட்டான் என்றும், அதன் பிறகு இரு கரை நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன என்றும் வைத்துக்கொள்வோம். இதைக் கதையாகச் சொன்னால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மாறாக, உங்கள் நண்பர்களின் பாத்திரங்கள் காயம்பட்ட தோழன் ஒருவனைச் சுமந்துகொண்டு அந்திப்பொழுதில் அந்தப் பாலத்துக்கு வந்து சேரட்டும். சூரியன் மறைந்தபின் ஆயுதத்தோடு யாரும் பாலத்தைக் கடக்கக் கூடாது என்று காவலன் தடுக்கிறான். ஆயுதங்களை ஒப்படைத்தால் விடியற்காலையில்தான் திரும்பக் கிடைக்கும். மருத்துவர் இருப்பதோ மறுகரையில். இப்போது அவர்கள் வாளை விட்டுவிட்டு வெறுங்கையோடு போகலாம், பொய் சொல்லிப் பார்க்கலாம், இருட்டில் ஆற்றில் இறங்கலாம், காவலனை மிரட்டலாம். இவற்றில் எதைத் தேர்ந்தாலும் உங்கள் வரலாற்றின் மீதுதான் அவர்கள் கால் வைக்கிறார்கள்.

அந்த நிலையில் யாராவது ஒருவர், "இப்படி ஒரு சட்டம் எதற்கு?" என்று கட்டாயம் கேட்பார். நீங்கள் காத்திருக்க வேண்டியது அந்தக் கேள்விக்காகத்தான். கேட்ட பிறகு சொல்லப்படும் வரலாற்றுக்கு இருக்கும் வலிமை, கேட்காமல் சொல்லப்படும் வரலாற்றுக்கு ஒருபோதும் இருப்பதில்லை. பதிலையும் நீங்கள் உங்கள் குரலில் சொல்ல வேண்டாம். காவலன் சொல்லட்டும், இரண்டு மூன்று வாக்கியங்களில், தன் நாட்டின் சார்போடு சொல்லட்டும். மறுகரைக் காவலனிடம் கேட்டால், மன்னனைக் கொன்றது யார் என்பது பற்றி அவன் நேர்மாறாகச் சொல்லட்டும். இருவரில் யாரை நம்புவது என்ற விவாதம் உங்கள் நண்பர்களுக்குள் எழுந்துவிட்டால், அதுவரை உங்கள் சொத்தாக மட்டும் இருந்த வரலாறு அவர்களுடையதாகவும் ஆகிவிடும்.

சண்டையையே உண்மையாக விரும்புகிறார்கள் என்றாலும் தவறில்லை. வரலாற்றைச் சண்டைக்குள்ளேயே வைக்கலாம். தன் கொடி விழுந்தால் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடும் படை, பெயரும் குலமும் கேட்காமல் யாரையும் தாக்காத வீரர்கள், ஒரு குறிப்பிட்ட தெய்வத்தின் கோயில் எல்லைக்குள் இரத்தம் சிந்த அஞ்சும் கொள்ளையர் போன்றோரை எதிரில் நிறுத்துங்கள். அந்த வழக்கத்தைக் கவனித்தவர்கள் எளிதாக வெல்வார்கள், கவனிக்காதவர்கள் அடிபட்டுக் கற்பார்கள்.

இது புதிதாகத் தோன்றிய வழியும் அல்ல. 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ரோல்பிளேயிங் ஆட்டம் வெளிவந்த மறு ஆண்டே, அதே நிறுவனம் எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. தனக்கென மொழியும் எழுத்தும் தெய்வங்களும் கொண்ட, எவருக்கும் முன்பின் பழக்கமில்லாத உலகம் அது. அதில் நுழையும் பாத்திரங்களைப் படகில் வந்து இறங்கிய அந்நியர்களாக வைத்து, நகரின் அந்நியர் குடியிருப்பில் தங்கவைத்துவிட்டார்கள். ஆடுபவருக்கு என்ன தெரியாதோ அதுவே பாத்திரத்துக்கும் தெரியாது என்பதால், முன்கூட்டிப் படிக்க வேண்டிய தேவை பெருமளவு குறைந்துவிடுகிறது. 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் வேறொரு வழியைக் கண்டது. குளோராந்தா என்னும் அதன் உலகம் தொன்மங்களால் நிறைந்தது. ஆனால் ஒரு தெய்வத்தின் வழிபாட்டுக் குழுவில் சேர்ந்தால்தான் அத்தெய்வத்துக்கு உரிய மந்திரங்கள் கைகூடும், கூடவே கடமைகளும் கட்டுப்பாடுகளும் வந்து சேரும் என்று விதி அமைத்ததால், தொன்மம் நேராக, ஆடுபவர் தம் பாத்திரத்தின் திறன்களைக் குறித்துவைக்கும் பாத்திரத் தாளிலேயே ஏறிவிட்டது. என் தெய்வம் எதைத் தடைசெய்கிறது என்று ஆடுபவர் தாமாகவே வந்து கேட்பார். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த இரண்டாவது வழியையே. ஏழு அரச மரபுகளையும் விளக்குவதை விட்டுவிட்டு, ஐந்து பாத்திரங்களுக்கும் ஆளுக்கு ஓர் உரிமையும் ஒரு கடமையும் உங்கள் வரலாற்றிலிருந்து எடுத்துக் கொடுங்கள். அவரவர்க்கு உரியதை மட்டும் நான்கைந்து வரிகளில் எழுதிக் கொடுத்தால் போதும். அதை எல்லோரும் படிப்பார்கள்.

கதை நகரத் தேவையான செய்தியைப் பகடையின் தயவில் மட்டும் விடாதீர்கள். கம்ஷூ என்னும் ஆட்டமுறை, துப்பறிதலுக்கு இன்றியமையாத தடயத்தை, உரிய திறன் உள்ளவர் தேடினாலே கிடைக்கும்படி வைக்கிறது. கல்வெட்டைப் படிக்கத் தெரிந்த பாத்திரம் படித்துவிடட்டும். படித்ததை வைத்து என்ன செய்வது என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது.

பெயர்களைக் குறையுங்கள். ஒரு நாளின் ஆட்டத்துக்கு மூன்று புதிய பெயர்களே அதிகம். நாட்காட்டியைப் பொறுத்தவரை, நாள் எண்ணிக்கை கதைக்குத் தேவைப்படும் வரையில் அதை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது.

நாற்பது பக்கத்தையும் படித்துவிட்டு வந்த அந்த ஒருவரை மறந்துவிடாதீர்கள். அவருக்காக மேசையில் நீண்ட விளக்கம் தருவதைவிட, இரண்டு ஆட்டங்களுக்கு இடைப்பட்ட நாட்களில் ஒரு கடிதமோ, கிழிந்த ஏட்டின் பகுதியோ அவருடைய பாத்திரத்தின் கையில் கிடைத்ததாக அனுப்பி, அதை மற்றவர்களுக்கு எப்போது சொல்வது என்ற முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள். உங்கள் குரலைவிடத் தோழரின் குரலில் வரும் வரலாற்றை மற்ற நால்வரும் கூர்ந்து கேட்பார்கள்.

இனி, அந்தத் தங்கைத் தெய்வம். மறுக்காதீர்கள் என்றே அழுத்தமாகச் சொல்வேன். உங்கள் குறிப்பேட்டில் இருப்பது, மேசையில் ஒருமுறை சொல்லப்படும் வரையில், ஆட்டத்தைப் பொறுத்தவரை முடிவாகாத ஒன்றே. 2012-இல் வெளிவந்த டன்ஜன் வேர்ல்ட் என்னும் ஆட்டம், வரைபடம் வரையும்போதே வெற்றிடங்களை விட்டுவைக்குமாறு கேம் மாஸ்டருக்கு அறிவுறுத்துகிறது. ஆடுபவர்கள் நிரப்புவதற்கான இடம் அது. உங்கள் நண்பர் தாமாகவே ஓர் இடத்தை நிரப்பியிருக்கிறார் என்றால், அவர் உங்கள் உலகத்துக்குள் குடியேறிவிட்டார் என்றுதான் பொருள். ஏற்கெனவே எல்லோர் காதிலும் விழுந்துவிட்ட ஒரு செய்தியோடு அவர் சொன்னது நேராக மோதினால் மட்டும், ஆட்டத்துக்கு வெளியே அவரோடு பேசி இருவருமாக ஒரு வழி காணுங்கள். அப்படி மோதல் இல்லையென்றால், உங்கள் ஆயிரம் ஆண்டு வரலாற்றில் அந்தத் தங்கையின் பெயர் ஏன் எங்கும் பதிவாகவில்லை, அதை அழித்தவர் யார், அப்பெயரை இன்றும் இரகசியமாக உச்சரிப்பவர்கள் யார் என்று யோசியுங்கள். அடுத்த சில ஆட்டங்களுக்கான கதை அதில் இருக்கிறது. முதல் தடயத்தை அந்தப் பூசாரியே கண்டுபிடிக்கும்படி செய்யுங்கள்.