திகதி இல்லாத எண்ணைக் கொண்டு வராதீர்கள்

இலங்கையின் குற்றப் புள்ளிவிபரங்கள் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: 'யுக்திய' என்ற பொலிஸாரின் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையின் கைது எண்ணிக்கை. அதற்கு மட்டும் நீளமாக எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

*சிறைச்சாலைகளின் நெரிசல் பற்றி எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டு எண் போதுமா? (மாணவி, வெள்ளவத்தை)*

2019ஐப் பற்றி எழுதினால் போதும். இன்றைய நிலைமைக்கு அது உதவாது. அண்மைய வருடங்களில் 12, 13 ஆயிரம் பேருக்கான இடத்தில் 30 ஆயிரம் பேரளவில் அடைத்து வைத்திருக்கிறார்கள், அதிலும் மூன்றில் இரண்டு பங்கினர் விளக்கமறியலில். எண்ணுக்குப் பக்கத்தில் திகதியை எழுதுங்கள்.

*இலட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்று கணக்குப் பார்க்க எந்தச் சனத்தொகையால் வகுப்பது?*

2024 தொகைமதிப்பில் சுமார் 2 கோடி 18 இலட்சம். அதற்கு முந்தைய தொகைமதிப்பு 2012இல். நடுவில் உள்ள வருடங்களுக்கு இருப்பதெல்லாம் மதிப்பீடு, அது 2 கோடி 20 இலட்சத்தையும் தாண்டிப் போயிருந்தது. வகுக்கும் எண் சிறிதானால் குற்றம் கூடாமலே வீதம் கூடும். பழைய மதிப்பீட்டையும் புதிய தொகைமதிப்பையும் ஒரே வரைபடத்தில் ஒட்டிவிட்டு "குற்றம் கூடிவிட்டது" என்று எனக்கு அனுப்பாதீர்கள்.

*யுக்திய நடவடிக்கையின்போது நாள்தோறும் கைது எண்ணிக்கை வெளியானதே, இதைவிடச் சுடச்சுடத் தரவு எங்கே கிடைக்கும்? (மட்டக்குளி)*

சுடச்சுடத்தான். ஆனால் எதைப் பற்றிய தரவு? 2023 டிசம்பரில் அது தொடங்கியதிலிருந்து இதே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கைது எண்ணிக்கை பொலிஸார் எவ்வளவு ஓடினார்கள் என்பதைக் காட்டும், போதைப்பொருள் குறைந்ததா என்பதைக் காட்டாது. ஒரே ஆள் இரண்டு தடவை பிடிபட்டால் இரண்டு கைது. எத்தனை பேருக்கு வழக்குப் பதிவானது, எத்தனை பேர் பிணையில் போனார்கள், எத்தனை பேர் ஒரு சொட்டுத் தூளுக்காக உள்ளே இருக்கிறார்கள், இதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லை.

கொழும்பில் ஒரு நீதவான் நீதிமன்றத்தின் பின் வாங்கில் ஒரு காலை முழுக்க இருந்து பார்த்தேன். பெயர் கூப்பிடுகிறார்கள், ஒரு பையன் கூண்டில் ஏறுகிறான், "பகுப்பாய்வு அறிக்கை இன்னும் வரவில்லை" என்கிறார்கள், 14 நாள் தள்ளி அடுத்த தவணை. பிடித்தது போதைப்பொருள்தானா என்று ஆய்வுகூடம் சொல்லும் அறிக்கை அது. அவன் இறங்கு முன்னமே அடுத்த பெயர். வாசலில் நின்ற தாய்க்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை, பக்கத்தில் நின்றவரிடம் திகதியை மட்டும் கேட்டுக் கையில் எழுதிக்கொண்டார். எனக்கு அதிகாரம் இருந்தால் திங்கட்கிழமை தோறும் ஒரே ஒரு எண்ணைக் கேட்பேன்: அறிக்கைக்காக எத்தனை பேர், எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்கள்? அந்த எண் உடனுக்குடன் கிடைத்தால் ஆய்வுகூடத்துக்கு ஆள் போடுவதா, புதிய சிறை கட்டுவதா என்று முடிவெடுக்கலாம். கைது எண்ணிக்கையை வைத்து அதை முடிவெடுக்க முடியாது.

*நியூயோர்க் பொலிஸ் போல வாராவாரம் குற்ற வரைபடம் வைத்துக் கூட்டம் போட்டால்?*

அந்தக் கூட்ட முறைக்குப் பெயர் கொம்ஸ்டாட். 1994இல் தொடங்கியது. நல்ல முறைதான், ஆனால் எண் இறங்கவேண்டும் என்று நெருக்கினால் கொள்ளை சாதாரண களவாகப் பதிவாகும். அங்கேயும் அந்தக் குற்றச்சாட்டு எழுந்தது. எங்கள் பொறுப்பதிகாரிகளுக்கு மட்டும் அந்த ஆசை வராதா என்ன?

*குடும்ப வன்முறை முறைப்பாடுகள் கூடினால் வன்முறை கூடிவிட்டது என்றுதானே அர்த்தம்?*

இல்லை. முறைப்பாடு கூடுவது பெண்கள் துணிந்து வருவதாலும் இருக்கலாம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் வீடு வீடாகக் கேட்டபோது, துணைவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானதாக ஐந்தில் ஒரு பெண் சொன்னார். அவர்களில் பலர் பொலிஸ் வாசலை மிதித்ததே இல்லை. அதுவும் 2019. திகதியைப் பாருங்கள்.

*குற்றம் பற்றிய டேட்டா முழுவதும் அனுப்பவும்.*

எந்தக் குற்றம், எந்த வருடம், எந்த மாவட்டம்? தம்பி, நான் திணைக்களம் இல்லை. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவலை வைத்திருக்கும் நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுங்கள், தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். "முழுவதும்" என்று எழுதினால் அவரும் என்னைப் போலத்தான் திருப்பிக் கேட்பார்.