அட்டையின் பின்பக்கம்

அன்புள்ள அம்மா,

வணக்கம். ஒஹையோவில் க்ளீவ்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். நூலகங்களைப் பற்றி நீங்கள் எழுதும் கட்டுரைகளை விடாமல் படிப்பவன். பக்கத்து வீட்டு மூதாட்டி வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போனபோது, தன் கணவர் வைத்திருந்த ஒரு சுருட்டுப் பெட்டியை என் மகனிடம் கொடுத்துவிட்டுப் போனார். திறந்தால் பழைய பேஸ்பால் கார்டுகள். சில தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை, வெள்ளை விளிம்பு, கீழே பழுப்பு மையில் பெயர். சில 1950-களின் கார்டுகள் போலப் பெரியவை, அவற்றில் ஒரு மிக்கி மேன்டில். ஒரு பழைய ஆல்பத் தாளில் ஏழெட்டு கார்டுகள் பசை போட்டு ஒட்டியிருக்கின்றன. சிலவற்றில் ஒரு பையனின் பென்சில் கிறுக்கல்.

இவை எந்த ஆண்டு? என்ன விலை போகும்? கார்டின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் கிரேடிங்குக்கு அனுப்பலாமா? ஒட்டியவற்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம் என்கிறார்கள், செய்யலாமா? பென்சிலை ரப்பரால் அழிக்கலாமா? என் மகன் வேறொன்று கேட்கிறான்: சிகரெட் கம்பெனி எதற்கு விளையாட்டுக்காரர் படம் கொடுத்தது? படங்கள் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள தம்பிக்கு,

இத்தனை படம் அனுப்பியிருக்கிறீர்கள், ஒன்றில்கூடப் பின்பக்கம் இல்லை. முகத்தை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு ஆண்டைச் சொல்லுங்கள் என்றால் எப்படிச் சொல்வது? உங்களைக் கோபித்துக்கொள்ளத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த அட்டைகளைப் பற்றி நானே கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தவிர, உங்கள் மகன் கேட்ட கேள்வி மனதில் உட்கார்ந்துவிட்டது. உங்கள் கடிதத்திலேயே உருப்படியான கேள்வி அவனுடையதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1880-களில் அமெரிக்காவில் சிகரெட் மெல்லிய காகிதப் பொட்டலத்தில் வந்தது. பையில் போட்டால் நசுங்கும். நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு விறைப்பான அட்டை வைத்தார்கள். வெறும் அட்டையை வைப்பானேன் என்று படம் அச்சிட்டார்கள்: நடிகைகள், கொடிகள், பறவைகள், குத்துச்சண்டைக்காரர்கள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள். ஒரு கம்பெனி வைத்தால் எதிர்க் கம்பெனியும் வைத்தாக வேண்டும். நியூயார்க்கின் குட்வின் கம்பெனி தன் 'ஓல்ட் ஜட்ஜ்' சிகரெட்டுக்காக 1886 முதல் 1890 வரை ஆட்டக்காரர்களை ஸ்டூடியோவுக்குள் நிறுத்திப் படமெடுத்தது. பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அதை அடிக்கப்போவதுபோல் நிற்க வைத்தார்கள். உற்றுப் பார்த்தால் சில அட்டைகளில் அந்த நூல் தெரியும்.

1890-இல் குட்வின் உட்பட ஐந்து பெரிய கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஆயின. போட்டியே போய்விட்டது, அப்புறம் யாரை முந்தப் படம் கொடுப்பது? சிகரெட்டோடு வந்த பேஸ்பால் அட்டைகள் கிட்டத்தட்ட நின்றே போயின. மறுபடி பெரிய அளவில் வந்தது 1909-இல், அதே கம்பெனியின் பதினாறு பிராண்டு விளம்பரங்களைத் தாங்கிய பதினாறு வகைப் பின்பக்கங்களோடு. 1911-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏகபோகத்தை உடைக்கச் சொன்னது. அதே ஆண்டோடு அந்த வரிசையும் முடிந்தது. பையனிடம் இதை அப்படியே சொல்லுங்கள். ஆட்டம் எல்லா ஆண்டும்தான் நடந்தது, அட்டை வந்தது வியாபாரம் கேட்ட ஆண்டுகளில் மட்டும். அதனால் ஒரு அட்டை கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது, இதற்குக் காசு கொடுத்தவன் யார் என்பதை. படத்தில் இருப்பவர் யார் என்பது அதற்கு அடுத்ததுதான். காசு கொடுத்தவன் பெயர் பின்பக்கத்தில் இருக்கிறது.

நான் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், நன்கொடையாக ஒரு பெட்டி வந்தது. அதைப் பிரிக்க உதவிக்கு ஒரு பெரியவர் வந்தார், ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி. அட்டைகள் எல்லாவற்றையும் மேஜையில் குப்புறப் போட்டார். ஒரு முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கருநீலத்தில் வெள்ளை எழுத்து இருந்தது ஒரு பக்கம் போனது, அது 'போலார் பேர்', உதிரிப் புகையிலைப் பொட்டலத்தில் வந்தது. புகையிலைத் துகளோடு நேராக உரசிக் கிடந்ததால் அந்த அட்டைகளில் பெரும்பாலும் கறை ஏறியிருக்கும். சிகரெட் பெயர்களில் 'பீட்மான்ட்' தனியாக, 'ஸ்வீட் கேபோரல்' தனியாக. பீட்மான்டுக்குள்ளேயே '150 சப்ஜெக்ட்ஸ்', அதாவது 150 படங்கள், என்று அச்சிட்டது ஒரு வரிசை, '350' இன்னொரு வரிசை. பின்பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் தொழிற்சாலை எண்ணை லென்ஸ் வைத்துப் படித்தார்: 25-ஆம் எண் வர்ஜீனியா, 30-ஆம் எண் நியூயார்க். மதியத்துக்குள் அந்தக் குவியலுக்கு ஒரு காலவரிசை வந்துவிட்டது. 150 என்றால் 1909. 350 என்றால் 1909 கடைசியும் 1910-ம். 460 என்றால் 1910-ம் 1911-ம். ஆண்டு என்று எங்கும் ஒரு எழுத்து அச்சிடவில்லை, ஆனாலும் கிடைத்துவிட்டது. வகைப்படுத்துதல் என்றால் என்ன என்று நான் படித்த பாடநூல்களைவிட அந்த மேஜை எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

உங்கள் பெட்டியில் இருக்கும் சின்ன அட்டைகள் இந்த வரிசையைச் சேர்ந்தவையாக இருக்கலாம். சேகரிப்பவர்கள் 'டி206' என்பார்கள். 3.65 சென்டிமீட்டர் அகலம், 6.67 உயரம். வழக்கமான கணக்கில் மொத்தம் 524 அட்டைகள். முகத்தை மட்டும் பார்த்தால் இதற்குமேல் ஒரு படி நகர முடியாது. ஏன் என்று கேளுங்கள். ரே டெமிட் என்று ஒரு ஆட்டக்காரர். நியூயார்க் அணியில் இருந்தார், 1909 டிசம்பரில் செயின்ட் லூயிஸுக்கு மாற்றினார்கள். அவருக்கு நியூயார்க் என்று ஒரு அட்டை உண்டு, செயின்ட் லூயிஸ் என்று ஒரு அட்டை உண்டு. செயின்ட் லூயிஸ் என்று போட்டது போலார் பேர் பின்பக்கத்தோடு மட்டுமே வந்தது. செயின்ட் லூயிஸ் டெமிட்டைத் திருப்பினால் பின்னால் பீட்மான்ட் இருக்கிறது என்றால், அது போலி. அவ்வளவு பேரும் தலையில் வைத்துக் கொண்டாடும் ஹோனஸ் வாக்னர் அட்டையும் அப்படித்தான்: பீட்மான்ட், ஸ்வீட் கேபோரல், இரண்டைத் தவிர வேறு பின்பக்கத்தில் அது கிடையாது. இதையெல்லாம் முகம் சொல்லுமா? பின்பக்கத்தைப் படமெடுக்க ஒரு நிமிடம் ஆகுமா உங்களுக்கு?

இந்த 'டி' எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. ஜெஃபர்சன் பர்டிக். 1900-இல் பிறந்தவர், நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் நகரத்துக்காரர். மின்கருவித் தொழிற்சாலையில் உதிரி பாகங்களைப் பூட்டும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூட்டுவாதம் அவரை முடக்கிக்கொண்டே வந்தது. அந்தக் கையோடு, அமெரிக்காவில் அச்சான விளம்பர அட்டைகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டார். முதல் பதிப்பு 1939-இல் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலைக்கு 'என்', இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக்கு 'டி' (T), பழைய மிட்டாய், பழைய சூயிங் கம்முக்கு 'இ', 1930-களில் தொடங்கிய புதிய கம் வகைக்கு 'ஆர்', ரொட்டிக் கடைக்குத் தமிழில் அதே 'டி'யாக எழுதும் இன்னொரு ஆங்கில எழுத்து (D). ஓல்ட் ஜட்ஜ் என்172 ஆனது, 1933-இன் கௌடி கம் வரிசை ஆர்319 ஆனது. அவர் ஒரு பேஸ்பால் ஆட்டத்தையும் நேரில் பார்த்ததில்லை என்று சொல்வார்கள். பார்த்திருந்தால் ஒருவேளை ஆட்டக்காரர் பெயரை வைத்து அடுக்கியிருப்பார், நமக்கு ஒன்றும் புரிந்திருக்காது. வெளியிட்டவனை வைத்து அடுக்கினார். அதனால்தான் இன்றைக்கு ஏலக்கடைக்காரனும் அவர் கொடுத்த எண்ணைச் சொல்லித்தான் கூவ வேண்டியிருக்கிறது.

மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களையும் அட்டைகளையும் அவர் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதில் முப்பதாயிரத்துக்கும் மேல் பேஸ்பால் அட்டைகள். கொடுத்ததோடு போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் இறந்துபோனார். பசை போட்டு ஒட்டி விலையைக் கெடுத்துவிட்டார் என்று பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விற்பதற்காகவா ஒட்டினார்? எதற்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்று தெரிந்த மனிதர், தனக்குப்பின் யாரும் அதைக் கலைக்கக்கூடாது என்று ஒட்டினார். அந்த வரிசைதான் அவர் விட்டுப்போன அறிவு.

இப்போது உங்கள் ஆல்பத் தாளுக்கு வருகிறேன். பின்பக்கம் பின்பக்கம் என்று இவ்வளவு சொல்கிறீர்களே, ஒட்டியிருந்தால் பின்பக்கம் தெரியாதே, அப்போது ஊறவைத்துப் பிரிப்பதுதானே முறை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். டி206 கல்லச்சில் எண்ணெய் மையால் அச்சானது, தண்ணீரைத் தாங்கும் என்று பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் தாளில் இருப்பவை எல்லாம் டி206 என்று யார் சொன்னது? நீங்கள் அனுப்பிய படத்தில் ஓரத்தில் இருக்கும் இரண்டு வேறு மாதிரி, செம்பழுப்பாக, வண்ணமே இல்லாமல் இருக்கின்றன. அவை ஓல்ட் ஜட்ஜ் வகையாக இருந்தால், அது அச்சே அல்ல. முட்டை வெண்கருவால் பூச்சிட்ட தாளில் எடுத்த நிஜப் புகைப்படம், அட்டைமேல் பசையால் ஒட்டியது. தண்ணீரில் போட்டால் ஆல்பத் தாளிலிருந்து அட்டை வருவதற்குமுன் அட்டையிலிருந்து புகைப்படம் உரிந்து வரும். என்ன வகை என்று தெரியுமுன்னே தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பவர்களை என்னவென்று சொல்வது! முதலில் அந்தத் தாளையே படியுங்கள். மறுபக்கம் என்ன ஒட்டியிருக்கிறது, வேறு கம்பெனி விளம்பரம் உண்டா, எவனோ தேதி குறித்திருக்கிறானா என்று பாருங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் தாள் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

ரப்பரையும் கீழே வையுங்கள். ப்ருக்லின் என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பையன் பென்சிலில் எல்.ஏ. என்று எழுதியிருப்பதை உங்கள் படத்திலேயே பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து கோணலாக, 'ஏ' மட்டும் இரண்டு தடவை அழுத்தி எழுதியிருக்கிறான். டாட்ஜர்ஸ் அணி ப்ருக்லினை விட்டு எல்.ஏ.வுக்கு, அதாவது லாஸ் ஏஞ்சலஸுக்கு, போவதாக அறிவித்தது 1957 அக்டோபரில். ஆகவே அந்த அட்டை அதற்குப் பிறகும் அவன் கையில் இருந்திருக்கிறது, அவனுக்கு அது முக்கியமாகவும் இருந்திருக்கிறது. இதைவிடத் துல்லியமான தேதி உங்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

பெரிய அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் இருக்கும் ஆட்டக் கணக்கின் கடைசி ஆண்டோடு ஒன்றைக் கூட்டுங்கள், பெரும்பாலும் அதுதான் வெளிவந்த ஆண்டு. மேன்டிலை அளந்து பாருங்கள்: டாப்ஸ் கம்பெனியின் 1952 அட்டை 6.67-க்கு 9.53 சென்டிமீட்டர். அதே 1952 அட்டை 6.35-க்கு 8.89 என்று வந்தால் அது மறுபதிப்பு. டாப்ஸே 1983-இல் அப்படி ஒன்று போட்டது, அதையும் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். சின்ன அட்டைகளில் பெயர் எழுத்தை லென்ஸில் பாருங்கள். பழையதில் மை முழுதாக, அடர்த்தியாக இருக்கும். எழுத்தே புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் பின்னாளில் போட்ட நகல். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் நீல வெள்ளையாகப் பளிச்சென்று ஒளிரும் தாளும் அந்தக் காலத்துத் தாள் இல்லை. விலை, கிரேடிங் இரண்டையும் என்னிடம் கேட்காதீர்கள். அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். இந்தத் தொழிலிலேயே பேர் பெற்ற அந்த வாக்னர் அட்டைக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்த பிறகு, அதன் ஓரத்தை வெட்டியது தான்தான் என்று அதை விற்றவரே 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். எனக்கு அதில் மனசு ஓடவில்லை.

எனக்கு வருத்தம் வேறொன்றில். அந்த அம்மா பெட்டியைக் கொடுத்தபோது, இது உங்கள் கணவருக்கு யார் கொடுத்தது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? 1957 வாக்கில் பென்சில் பிடித்த பையனுக்கு 1909-இன் அட்டை எப்படி வந்தது? அப்பாவுடையதா, தாத்தாவுடையதா? அவர் மகள் வீட்டுத் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கும். இந்த வாரமே கூப்பிடுங்கள். அவர் சொல்வதைத் தேதியோடு எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியில் அட்டைகள் இருந்த வரிசையைக் கலைக்குமுன் மேலிருந்து ஒவ்வொன்றாக எண் போட்டுக்கொள்ளுங்கள், எண்ணை அட்டையில் எழுதாமல் தனித் தாளில் எழுதுங்கள்.

இந்த வேலையை உங்கள் மகனிடம் விடுங்கள். ஒரு நோட்டில் கோடு கிழித்து, கம்பெனி, பின்பக்க நிறம், 150-ஆ 350-ஆ, தொழிற்சாலை எண், கடைசியாக ஆட்டக்காரர் பெயர் என்று அவனே நிரப்பட்டும். பின்பக்கப் படங்களோடு அந்த நோட்டுப் பக்கங்களையும் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த பதிலை அவனுக்கே எழுதுகிறேன்.

அன்புடன்.